நத்தைகளுக்கு நடுவே ஒரு வரி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தள்ளுபடியாகக் கிடைத்தது.

படிக்கிற கண்ணாடியை மாற்றுவதற்காக ஒரு கடைக்குப் போயிருந்தேன். பார்த்ததும் ஒரு ஃபிரேம் பிடித்துப்போய்விட்டது. பிடித்ததை முகத்தில் காட்டக் கூடாது என்பது நான் தவழ்கிற வயதில் கற்ற பாடம். எங்கள் வீட்டில் எல்லோரும் துணிக்கடை வைத்திருந்தவர்கள்; குழந்தை அழுதால்கூட, என்ன கொடுத்தால் நிறுத்துவாய் என்றுதான் கேட்பார்கள். ஆகவே ஃபிரேமை எடுத்தேன், வைத்தேன், வேறொன்றை எடுத்து முகம் சுளித்தேன், வாசல்வரை போய் எதையோ மறந்தவன்போலத் திரும்பி வந்தேன். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நாடகம் முடிந்ததா என்கிற குரலில் சொன்னார்:

“அண்ணே, விலையில மட்டும் கை வைக்காதீங்க. நீங்க கதை எழுதுற ஆளுன்னு போன தடவையே சொன்னீங்க. வேணும்னா ஒரு கதை தர்றேன். எனக்கு நஷ்டமில்ல, உங்களுக்கு லாபம்.”

யார் கதை என்று கேட்டேன்.

“என் வீட்டுக்காரம்மா கதை. நத்தைக் கதை.”

நத்தைக் கதையெல்லாம் இப்போது யார் படிக்கிறார்கள் என்று உதட்டைப் பிதுக்கினேன். உள்ளுக்குள் காது நீண்டுவிட்டது. கண்ணாடியில் பவர் ஏற்றி முடிக்க நேரமாகும் என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

வாங்கிய சரக்கை அப்படியே விற்கிற பழக்கம் எங்கள் பரம்பரையில் கிடையாது. தட்டித் துடைத்து, தேவையான இடத்தில் ஒட்டுப் போட்டுத்தான் உங்கள் முன் வைக்கிறேன். எது அவர் சொன்னது, எது என் ஒட்டு என்று கேட்காதீர்கள். கேட்டாலும் ரசீது கிடையாது.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கி விரிக்கிறேன், பாருங்கள். பார்ப்பதற்குக் காசில்லை.

முதலாவது: “மழை வரும்போலிருந்த ஒரு மாலையில், அவர் மேசையின் முன் அமர்ந்து, கடந்துபோன ஆண்டுகளை எண்ணி, ஒரு நீண்ட பெருமூச்சு”

இல்லை. கடைக்காரர் சொன்ன பெண்மணி உட்கார்ந்து பெருமூச்சு விடுகிற ஆள் இல்லை. நின்றுகொண்டே சாப்பிடுகிற ஆள்.

இரண்டாவது: “சிறு ஆய்வுக் குழுக்களின் செய்திமடல்கள், தன்னார்வ ஆசிரியர்களின் உழைப்பினாலேயே உயிர்வாழ்கின்றன என்பது குறிப்பிடத்தக்க”

இது எனக்கே கொட்டாவியை வரவழைத்தது. தவிரவும், ‘குறிப்பிடத்தக்கது’ என்ற சொல்லைக் கண்டால் நம் கதாநாயகிக்கு ஆகாது. கதாநாயகிக்கு ஆகாத சொல்லோடு கதையைத் தொடங்குவது, மாமியார் வீட்டுக்குள் செருப்போடு நுழைகிற மாதிரி.

மூன்றாவது: “அவர் தேநீர் வாங்கப் போனார்.”

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

அவர் தேநீர் வாங்கப் போனார். நத்தை ஆய்வோர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டம் உள்ளே நடந்துகொண்டிருந்தது. வட்டம் என்று பெயர்தான் பெரியது. எல்லோரையும் ஒரே பேருந்தில் ஏற்றினாலும் கடைசி இருக்கை காலியாக இருக்கும். கல்லூரி ஆசிரியர்கள், அருங்காட்சியக ஊழியர்கள், ஓய்வுபெற்றும் ஓயாதவர்கள், ஒரு பல் மருத்துவர். (நத்தையின் நாக்கில் ஆயிரக்கணக்கில் பற்கள் உண்டு. அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவருக்கு மனித வாய்களின்மேல் மரியாதை போய்விட்டதாம்.)

தட்டில் தேநீர்க் கோப்பைகளோடு நம் கதாநாயகி திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். தேநீருக்கா இவ்வளவு என்று வெட்கத்தோடு சிரித்தார். தேநீருக்கு இல்லை. அவர் வரிசையில் நின்ற நேரத்தில், வட்டத்தின் செய்திமடலுக்கு அவரை ஒருமனதாக ஆசிரியராக்கியிருந்தார்கள். பழைய ஆசிரியர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

அன்றைக்குப் பிடித்த வேலை, ஆண்டுக்கணக்கில் கையைவிட்டுப் போகவில்லை. சம்பளம் கிடையாது. பருவத்துக்கு ஒரு இதழ். உறுப்பினர்கள் குறிப்புகளை அனுப்புவார்கள், இவர் வெட்டுவார். வாக்கியத்தின் தலையில் ‘மேலும்’ உட்கார்ந்திருந்தால் தலையோடு போகும். ‘இங்கே நாம் கவனிக்கவேண்டியது என்னவெனில்’ என்று யாராவது ஆரம்பித்தால், கவனிக்கவேண்டியது மட்டும் மிஞ்சும். முகத்துக்கு நேராக மேடம் என்றவர்கள் முதுகுக்குப் பின்னால் கத்திரி என்றார்கள். கணவர் அதைக் கேள்விப்பட்டு வீட்டிலும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். நாமும் கத்திரி என்றே சொல்வோம். அவருக்குக் கோபம் வராது. ஒரு சொல்தானே, சுருக்கமாக இருக்கிறது.

(இடைக்குறிப்பு: இதுவரை உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரியும். முகத்தில் காட்டிக்கொள்ளாதீர்கள். நல்ல பழக்கம்.)

கத்திரி கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவர். அவருக்கென்று ஒரு நத்தை உண்டு. பெரும்பாலான நத்தை ஓடுகள் வலப்பக்கம் சுழலும்; இது இடப்பக்கம் சுழலும். ஒரு தீவில் மட்டும் இருக்கிறது. முதல் மழைக்குப் பாறையிடுக்கிலிருந்து வெளியே வந்து, மழைக்காலம் தீர்ந்ததும் மறைந்துவிடும். கத்திரி அதன் ஓட்டை அருங்காட்சியக இழுப்பறையில் பார்த்திருக்கிறார், அளந்திருக்கிறார், படம் வரைந்திருக்கிறார். உயிரோடு பார்த்ததில்லை. மற்றவர்களின் உயிருள்ள நத்தைகள் அவர் மேசைமீது இதழுக்கு இதழ் ஊர்ந்து போயின. அவருடையது மட்டும் இழுப்பறையில் காலி ஓடாகக் கிடந்தது.

4

அந்தத் தீவில் ஒரு சிறு ஆய்வு நிலையம் இருக்கிறது. படுக்க ஒரு கட்டில், எழுத ஒரு மேசை, ஒழுகும் கூரை. ஒரு பருவத்துக்கு ஒருவரைத்தான் தங்கவிடுவார்கள். ‘இந்த மழைக்கு நீங்கள் வரலாம்’ என்று அங்கிருந்து தொலைபேசி வந்தபோது, கத்திரி கடைக்கு மேலே இருந்த தங்கள் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கீழே கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர், மேலே யாரோ குதிக்கிறார்கள் என்றாராம். கடைக்காரர் நம்பவில்லை. தன் மனைவி குதித்து அவர் பார்த்ததில்லை. இந்தக் கதையை எழுதுகிறவர், மேலும், இனிவரும் பகுதிகளிலிருந்து விலகிக்கொள்ள விரும்புவதால், எழுத விரும்பும் வாசகர்கள் முன்வரலாம் என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறார். மேலே ஓடிப் போய்ப் பார்த்தார். கையில் கத்தியோடு குதித்துக்கொண்டிருந்தார் கத்திரி. வெங்காயத்தால் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

அன்று மாலையே பூட்ஸ் வாங்கியாயிற்று. பூட்ஸைக் காலுக்குப் பழக்கவேண்டும் என்று வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தார். கல்லூரியில் விடுப்பு கிடைத்தது. கப்பலில் இடம் கிடைத்தது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

தீவில் இணையம் இல்லை, அலைபேசி காட்சிப்பொருள். அங்கிருந்து இதழ் நடத்த முடியாது. வட்டத்திலோ ஒரு விதி இருந்தது: விலகுகிற ஆசிரியர், அடுத்த ஆசிரியர் யார் என்பதை மடலிலேயே அறிவித்துவிட்டுத்தான் விலகலாம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாரே, அவர் ஓடிய வேகத்தைப் பார்த்தபிறகு போட்ட விதி. ஆள் கிடைக்காவிட்டால் ஒன்று மடல் சாகவேண்டும், அல்லது கத்திரி இருக்கவேண்டும். தன் கையால் வளர்த்த மடலைச் சாகவிட்டுக் கப்பலேற அவரால் முடியாது. இந்த மழையை விட்டால் தீவுக்கு வேறொருவர் போய்விடுவார்.

5

இதழின் முதல் பக்கத்தில் அறிவித்தார். சுருக்கமாக, அழகாக, ஆசிரியர் பகுதியிலேயே: ‘விலகுகிறேன், இந்த வேலையை விரும்பிச் செய்தேன், எடுத்துக்கொள்ள விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.’

பதில்கள் வந்தன. இதழ் அருமை, ஆனால் என் கட்டுரையில் இரண்டாம் படம் கொஞ்சம் மங்கல் என்று ஒருவர் எழுதினார். என் பெயருக்குப் பின்னால் பட்டம் விட்டுப்போயிற்று என்றார் இன்னொருவர். வட்டத்தின் தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டு, அடுத்த இதழுக்குத் தன் கட்டுரை கொஞ்சம் நீளமாக வரும், இப்போதே இடம் ஒதுக்கிவிடவேண்டும் என்றார். கத்திரி, சார் முதல் பக்கம் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன், நல்ல தாள் என்றார் தலைவர்.

விலகலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவசரச் சுற்றறிக்கை ஒன்றைத் தனியாக அனுப்பினார், பெரிய எழுத்தில், சுற்றிலும் கறுப்புக் கட்டம் கட்டி. கட்டத்தைப் பார்த்ததும் பல் மருத்துவரிடமிருந்து உடனே பதில் வந்தது: ‘ஆழ்ந்த அனுதாபங்கள். ஈடுசெய்ய முடியாத இழப்பு.’ யார் செத்தார் என்று அவர் படிக்கவில்லை. அதைப் பார்த்து இன்னும் சிலர் தங்கள் அனுதாபத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். இரங்கல் குறிப்பு எழுதித் தரட்டுமா, எத்தனை பக்கம் வரலாம் என்று கேட்டார் தலைவர்.

(இந்த இடத்தில் நான் கடைக்காரரை நிறுத்தினேன். படித்த மனிதர்கள், இப்படியா இருப்பார்கள்? அவர் ஒரு கேள்வி கேட்டார்: “அண்ணே, நீங்க எழுதின கதை பத்திரிகையில வந்தா, மொதல்ல எந்தப் பக்கத்தைப் புரட்டுவீங்க?” நான் என் பழைய கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.)

6

இங்கே ஒரு பாத்திரம் வருகிறது. எனக்கு இவர்மேல் சந்தேகம். கதைக்கு யோசனை தேவைப்படுகிற நேரத்தில், யோசனையைக் கையில் பிடித்துக்கொண்டு சரியாக வந்து நிற்கிற ஆட்களை நான் நம்புவதில்லை. எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, அது என் தங்கச்சி, அவள் இல்லாமல் கதை தரமாட்டேன் என்றார்.

ஆக, கத்திரியின் நாத்தனார். வீட்டுத் தரகர். குடியிருக்க முடியாத வீட்டை ‘காற்றோட்டமான வீடு’ என்று விற்கத் தெரிந்தவர். மாலையில் வந்தவர், சோபாவில் பூட்ஸோடு படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணியைக் கண்டார். பூட்ஸ் பழகிவிட்டதா என்று கேட்டார். பூட்ஸ் பழகிவிட்டது, போகத்தான் வழியில்லை என்று கத்திரி நடந்ததை எல்லாம் கொட்டினார்.

“அண்ணி, உங்க ஆளுங்க அந்த மடல்ல எதைத்தான் படிப்பாங்க?”

“அவங்கவங்க எழுதினதை. எழுத்தெழுத்தா படிப்பாங்க. ஒரு புள்ளி போனாலும் கூப்பிடுவாங்க.”

“அப்ப அங்கேயே போய் எழுதிவைங்க. ஆளே போகாத தெருவுல போர்டு மாட்டினா எந்த வீடு விக்கும்?”

கத்திரி எழுந்து உட்கார்ந்தார்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. வெட்டுவார், ஆனால் யாருடைய எழுத்திலும் தன் சொல்லை நுழைத்ததில்லை. எடுப்பது ஆசிரியர் வேலை, வைப்பது எழுதுகிறவர் வேலை. அந்தக் கொள்கை பூட்ஸுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. பிறகு ஒதுங்கி வழிவிட்டது.

7

அடுத்த இதழில், ஒவ்வொரு கட்டுரையின் நடுவிலும், எழுதியவர் ஆசையாகத் திரும்பத் திரும்பப் படிக்கக்கூடிய இடமாகப் பார்த்து, ஒரே வாக்கியத்தைச் செருகினார் கத்திரி. அவசரத்திலும் உற்சாகத்திலும் எழுதிய வாக்கியம். அவர் தரத்துக்குக் கொஞ்சம் கொழுத்ததுதான்.

தலைவரின் கட்டுரை, ஓடில்லாத ஒருவகை நத்தைகளின் காதலைப் பற்றியது. அச்சில் அது இப்படி வந்தது:

“இணை சேரும் முன் இரண்டும் ஒன்றையொன்று நெடுநேரம் சுற்றிவருகின்றன. மேலும், இம்மடலின் ஆசிரியர் இந்த இதழோடு தமது பொறுப்பிலிருந்து விலகவிருப்பதால், அப்பொறுப்பை ஏற்றுக்கொள்ள விரும்பும் உறுப்பினர்கள் அவரைத் தொடர்புகொள்ளலாம் என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. பின்னர் இரண்டும் பின்னிப் பிணைந்தபடி ஒரு சளிக்கயிற்றில் மெல்லக் கீழே இறங்குகின்றன.”

இதழ் போன அன்றே கத்திரியின் அலைபேசி மேசையில் நிற்காமல் நடனமாடியது. ஒருவர் விடாமல் படித்துவிட்டார்கள். கத்திரி பூட்ஸோடு கடைக்கு இறங்கி வந்து, கணவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு முதல் அழைப்பை எடுத்தார். தலைவர்.

“ஏம்மா, என் நத்தைகளுக்கு நடுவுல உங்களுக்கு என்ன வேலை?”

கத்திரி பொறுமையாக விளக்கினார். தான் விலகுவதாகவும், அதைத் தெரிவிக்க வேறு வழி தெரியவில்லை என்றும், அடுத்த ஆசிரியராக ஒருவர் வேண்டும் என்றும்.

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அடுத்த இதழ்ல திருத்தம் வரணும்.”

“அடுத்த இதழுக்கு நான் இருக்கமாட்டேன் சார். அதைத்தான் அந்த வரி சொல்லுது.”

“எந்த வரி இருக்கவே கூடாதோ, அந்த வரி என்ன சொன்னா எனக்கென்ன? திருத்தத்தை நீங்கதான் போடணும். வேற யாரு போடுவா?”

எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். ஒருவர் தன் கட்டுரையில் அச்சுப்பிழை என்றார். ஒருவர் இணையத் திருடர்கள் புகுந்துவிட்டார்கள் என்றார். பல் மருத்துவர், அந்த வாக்கியத்துக்கு மேற்கோள் ஆதாரம் கொடுக்கப்படவில்லை என்றார். ‘சென்ற இதழில், ஆசிரியர் விலகுகிறார் என்று வெளியானது பிழை, வருந்துகிறோம்’ என்று திருத்தத்தை ஒருவர் தானே எழுதியும் அனுப்பிவிட்டார். படித்தார்கள், கோபித்தார்கள், ஒருவருக்கும் செய்தி போய்ச் சேரவில்லை.

கத்திரி பூட்ஸின் நாடாவை அவிழ்த்தார். கடைக்காரருக்கு அந்த நிமிடம் இன்னும் கண்ணில் நிற்கிறதாம். திட்டியிருந்தால் பரவாயில்லை, அண்ணே, நாடாவை அவிழ்த்தாள் என்றார்.

8

கதை இங்கே முடிந்திருக்கலாம். சோகமான முடிவுக்குப் பரிசு கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஓர் ஆள் மிச்சம் இருந்தார். நான் வேண்டுமென்றே அவரைப் பின்னறையில் உட்காரவைத்திருந்தேன். நல்ல சரக்கை முதலில் எடுத்துப் போடுவார்களா?

எதிர்க்கட்சி என்று பெயர். கத்திரி வைத்தது. வேறொரு ஊரில் கல்லூரிப் பேராசிரியர். பறவைகள் கல்லில் அடித்து உடைத்த நத்தை ஓடுகளின் சில்லுகளை ஆராய்கிறவர். குணமும் அந்தச் சில்லு மாதிரிதான். கத்திரி அவருடைய எந்தக் குறிப்பில் எதை வெட்டினாலும் ஒரு சண்டைக் கடிதம் வரும். அந்தச் சொல் ஏன் போயிற்று, இந்த வரி ஏன் சுருங்கிற்று. கத்திரி விடமாட்டார், அவரும் விடமாட்டார். (இவரைப் பெண்ணாக மாற்றி எழுதிப் பார்த்தேன். இளைஞராக்கிப் பார்த்தேன். இரண்டிலும் பாத்திரம் கொஞ்சம் நல்லவராகிவிடுகிறது. இவர் நல்லவராகக் கூடாது. பழையபடியே விட்டுவிட்டேன்.)

அவரிடமிருந்து மட்டும் திட்டு வரவில்லை. நாடா அவிழ்ந்து கிடந்த அந்த நேரத்தில் அவருடைய அஞ்சல் வந்தது. செருகப்பட்ட வாக்கியத்தை மட்டும் தனியாக எடுத்து அனுப்பியிருந்தார். முழுவதும் சிவப்புக் கோடு. ‘மேலும்’ போயிருந்தது. ‘இதன்மூலம்’ போயிருந்தது. ‘தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’ போயிருந்தது. கீழே எழுதியிருந்தார்:

“ஆசிரியர் விலகுகிறார். ஆள் தேவை.”

கத்திரி அதைப் படித்தார். மறுபடி படித்தார். கணவரிடம் காட்டினார். கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தனை பேர் அந்த வரியைத் தூக்கி எறியச் சொன்னார்கள். ஓர் ஆள் அதைச் சரிசெய்திருக்கிறார். உடனே கூப்பிட்டார்.

“சார், உங்க கட்டுரைக்குள்ள கேக்காம ஒரு வரி நுழைச்சிட்டேன். கோவமா?”

“கோவம்தான். நீளமா இருந்துது.”

9

நான் பிறந்ததிலிருந்து எத்தனையோ பேரங்களைப் பார்த்திருக்கிறேன். மாட்டுக்கும் பார்த்திருக்கிறேன், மனைக்கும் பார்த்திருக்கிறேன். விடைபெறும் உரைக்கு நடந்த பேரத்தை இப்போதுதான் கேட்கிறேன். ஆகவே இந்தப் பகுதியில் ஒட்டுப் போடவில்லை. கடைக்காரர் சொன்னபடியே தருகிறேன். அவர் கல்லாவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது.

எதிர்க்கட்சி, ஆசிரியர் வேலையை எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆண்டுக்கணக்கில் உங்களோடு சண்டை போட்டதில் வேலை படிந்துவிட்டது என்றார். கத்திரிக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. ஒரு பூட்ஸ்தான் காலில் இருந்தது. ஆனால் எதிர்க்கட்சிக்கு ஒரு நிபந்தனை. விலகல் அறிவிப்பும் புதிய ஆசிரியர் பெயரும் வருகிற சிறப்பிதழைத் தானே தயாரிப்பார். கத்திரியின் விடைபெறும் உரையும் அவர் கைக்கு வரவேண்டும்.

கத்திரி அந்த உரையை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். ஆசையாக, மூன்று பக்கம். தேநீர் வாங்கப் போனதிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, நத்தையும் மனிதனும் என்று ஒரு தத்துவம் தொட்டு, கடைசியில் தீவுக்கு வந்து சேர்வது. அனுப்பினார். அந்தப் பக்கம் படிக்கிறார்.

“அரைப் பக்கம்” என்றார்.

கத்திரி சிரித்தார். இத்தனை வருட உழைப்பு சார், இரண்டரைப் பக்கமாவது வேண்டும் என்றார். அரை என்றார் எதிர்க்கட்சி. நன்றி சொன்ன பட்டியலைக் குறைத்து இரண்டுக்கு வருகிறேன் என்றார் கத்திரி. அரை. தத்துவத்தை எடுத்துவிட்டால் ஒன்றரை. அரை.

கடைக்காரருக்குக் கை துறுதுறுத்தது. மனைவிக்குச் சைகை காட்டினார்: எழுந்து போகிற மாதிரி செய், எழுந்து போகிற மாதிரி செய். வாடிக்கையாளர் வாசலைப் பார்த்தால்தான் கடைக்காரன் வழிக்கு வருவான். கத்திரிக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாதவர்போலச் சொன்னார்:

“சரி சார், விடுங்க. நானே மடலைத் தொடர்ந்து பாத்துக்கறேன்.”

“சரி” என்றார் எதிர்க்கட்சி. “பாத்துக்குங்க.”

கடை அப்படியே நின்றுவிட்டது. சுவரில் இருந்த கண் பரிசோதனைப் பலகையின் பெரிய எழுத்துகள்கூடக் கத்திரிக்கு மங்கலாகத் தெரிந்தன. கடைக்காரர் கையைக் கீழே போட்டுவிட்டார். தொழிலில் இப்படி நடப்பதுண்டு, ஆனால் சொந்த மனைவியின் கப்பலை வைத்து நடந்ததில்லை. கழற்றி வைத்திருந்த பூட்ஸ் நாற்காலிக்கடியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கத்திரி அதைப் பார்த்தார்.

“சார், அரைப் பக்கம். சரி.”

“இப்ப கால் பக்கம்.”

வாசல்வரை போய்த் திரும்பி வருகிறவனுக்கு விலை ஏறும். என் வாழ்க்கையில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட உண்மை. அந்த மனிதர் எந்தக் கடையில் கற்றாரோ. கத்திரியால் அடக்க முடியவில்லை. சிரிக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கமும் ஏதோ சத்தம் வந்தது. எதிர்க்கட்சி சிரித்து அவர் கேட்டதில்லை, ஆகவே இருமல் என்று நினைத்தாராம்.

கால் பக்கத்தில் எது மிஞ்சும் என்று கத்திரி கேட்டார்.

“கடைசிப் பக்கத்துல, அந்த இடம்சுழி நத்தையை உயிரோட பாக்கப் போறேன்னு ஒரு வரி இருக்கு மேடம். உயிர் அதுலதான் இருக்கு. மத்ததெல்லாம் ஓடு.”

யாரும் இதுவரை கத்திரியின் எழுத்தில் கத்தி வைத்ததில்லை. வைத்த முதல் ஆள், கத்திரியே இடம் தெரியாமல் புதைத்து வைத்திருந்ததைச் சரியாகத் தொட்டுவிட்டார். இன்னொரு பூட்ஸை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டார்.

“சார், தீவுலேருந்து வந்ததும் ஒரு கட்டுரை அனுப்புவேன்.”

“அனுப்புங்க. வெட்டுவேன்.”

10

பிறகு என்ன ஆயிற்று? கேட்டேன். அதற்குள் என் கண்ணாடி தயாராகிவிட்டது. கடைக்காரர் அதைத் துடைத்து என் மூக்கின்மேல் வைத்து, காதோரம் சரிசெய்துகொண்டே, கப்பல் ஏறினாள் அண்ணே என்று மட்டும் சொன்னார். நத்தையைப் பார்த்தாரா என்றேன்.

“ஒரு வெயில் கண்ணாடியும் எடுத்துக்கிட்டீங்கன்னா சொல்றேன்.”

நான் வாசல்வரை போனேன். திரும்பவில்லை. இப்போதுதானே பாடம் கேட்டேன். அவரும் கூப்பிடவில்லை. ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இருப்பில் உள்ள மாற்றுகளை விரிக்கிறேன், பாருங்கள்.

ஒன்று: மழை பொய்த்துவிடுகிறது, கத்திரி பருவம் முழுவதும் வறண்ட பாறையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்புகிறார். துணி கனமானது, நெடுநாள் உழைக்கும், ஆனால் யாரும் ஆசையாகப் போட்டுக்கொள்ளமாட்டார்கள்.

இரண்டு: தீவில் பெட்டியைத் திறந்தால், துணிகளுக்கு நடுவே தலைவரின் நீளமான கட்டுரை, ‘ஓய்வாக இருக்கும்போது பார்க்கவும்’ என்ற குறிப்போடு. சிரிப்பு வரும், ஒரே சலவையில் சாயம் போய்விடும்.

மூன்று: நான் நெய்யத் தொடங்கி, நிறுத்தி வைத்திருக்கிறேன். அதைத் தருவதற்கு முன் ஒரு கேள்வி.

நான்காம் பகுதியில், கத்திரி குதித்துக்கொண்டிருந்தபோது, அவருக்கும் கணவருக்கும் நடுவில் நான் ஒரு வரியைச் செருகியிருந்தேன். எழுதுகிறவர் விலகுகிறார், வாசகர்கள் முன்வரலாம் என்று. பார்த்தீர்களா? பார்க்காமல் தாண்டியிருந்தால் தவறில்லை. வட்டத்தில் உங்களுக்கு நல்ல துணை இருக்கிறது. அச்சுப்பிழை என்று முகம் சுளித்திருந்தால், திருத்தம் போடுகிறேன், தலைவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஆனால் உங்களில் யாராவது ஒருவர், படித்துக்கொண்டு போகிற போக்கில், அந்த ‘மேலும்’ எதற்கு, அந்த ‘இதன்மூலம்’ எதற்கு என்று மனதுக்குள் ஒரு கோடு இழுத்திருந்தால், உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். பேரமெல்லாம் இல்லை. நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாததை வெட்டுங்கள், மேலே இருக்கிற பத்துப் பகுதிகளையும் சேர்த்து. மிச்சம் இதோ, இதிலிருந்து உங்களுடையது:

இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. பாறையிடுக்கில், விரல்நுனி அளவில், இடப்பக்கம் சுழன்ற ஓடு ஒன்று அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கத்திரி பூட்ஸோடு சேற்றில் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஓட்டின் வாயோரம் ஈரமாக மின்னியது. முதலில் ஒரு கொம்பு,